மூக்கில் ஏற்றிய மெழுகு

பேரழகி என்று ஐரோப்பா முழுவதும் பெயர் வாங்கியவர் அவர். ஓர் இளவரசர் அவருக்கு மோதிரம் கொடுத்தார். எழுத்தாளர்களும் சிற்பிகளும் அவரைத் தேடி வந்தார்கள். அப்படிப்பட்டவருடைய முகத்தை ஓர் ஊசி கெடுத்துவிட்டது. கெட்டதைச் சரிசெய்ய அந்த நாளில் எந்த வைத்தியராலும் முடியவில்லை.

அந்தச் சீமாட்டியின் வாழ்க்கைக் கதை இது. 

மூக்கும் முழியும்

கொங்கு நாட்டில் பெண் பார்த்துவிட்டு வந்தவர்களை வீட்டில் இருக்கும் அம்மாயி என்ன கேட்பார்? பெண் மூக்கும் முழியுமாக இருக்கிறாளா என்று கேட்பார். நிறத்தைப் பிறகு கேட்பார். நகையைப் பிறகு கேட்பார். மூக்குதான் முதலில்.

சீமையிலும் இதே கதைதான். எடுப்பான மூக்குக்கு அங்கேயும் மதிப்பு உண்டு.

இப்போது கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கங்களில் முகூர்த்த மாதம் வந்தால் முகத்துக்கு ஊசி போடும் இடத்தைச் சிலர் விசாரிக்கிறார்கள். கன்னம் உப்புவதற்கு ஓர் ஊசி. உதடு தடிப்பதற்கு ஓர் ஊசி. நெற்றிச் சுருக்கம் போவதற்கு ஓர் ஊசி. மாப்பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

ஊசி போட்டுக்கொள்வது சிறிது நேர வேலை. போட்டது கோணலாகிவிட்டால் என்ன செய்வது? உள்ளே போன சரக்கை வெளியே எடுக்க முடியுமா?

போட்டுக்கொள்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. இதைக் கேட்காமல் 1903-ம் ஆண்டில் மூக்கில் ஊசி போட்டுக்கொண்டவர் கிளாடிஸ் டீக்கன். பின்னாளில் இவர் இங்கிலாந்தின் மார்ல்பரோ பிரபுவுக்கு மனைவியானார். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலை நாம் அறிவோம். அவருடைய பெரியப்பா மகன்தான் இந்தப் பிரபு. ஆகவே சர்ச்சிலுக்குக் கிளாடிஸ் அண்ணி முறை.

துப்பாக்கிச் சத்தம்

கிளாடிஸ் 1881 பிப்ரவரி 7-ந் தேதி பாரிஸ் நகரத்தில் பிறந்தார். தாய் தந்தை இருவரும் அமெரிக்காவைச் சேர்ந்தவர்கள். செல்வத்துக்குக் குறைவே இல்லை. நிம்மதிதான் இல்லை.

தாய் புளோரன்ஸ் நல்ல அழகி. அவருக்கும் எமில் அபேய் என்ற பிரெஞ்சுக்காரருக்கும் பழக்கம் ஏற்பட்டது. தந்தை எட்வர்ட் டீக்கன் சந்தேகப்பட்டார். சந்தேகம் கோபமாக வளர்ந்தது.

1892-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஓர் இரவு. பிரான்சு நாட்டின் தென்கோடியில் உள்ள கான் நகரத்தில், ஒரு ஓட்டலில் துப்பாக்கி வெடித்தது. டீக்கன் சுட்டதில் அபேய் மாண்டார். டீக்கன் சிறைக்குப் போனார். சில மாதங்களில் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். கணவன் மனைவி பிரிந்தார்கள். பிற்காலத்தில் டீக்கனுக்குச் சித்தம் கலங்கியது. 1901-ல் அவர் மனநல ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்.

துப்பாக்கி வெடித்தபோது கிளாடிசுக்கு வயது 11. தாயிடம் இருப்பதா, தந்தையிடம் போவதா என்ற இழுபறியில் அந்தச் சிறுமி வளர்ந்தாள்.

சிறுமியின் ஆசை

1895-ம் ஆண்டு. கிளாடிசுக்கு 14 வயது. அப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரு கலியாணச் செய்தி வந்தது. மாப்பிள்ளை இங்கிலாந்தின் ஒன்பதாவது மார்ல்பரோ பிரபு. மணப்பெண் கான்சுவேலோ வாண்டர்பில்ட். அமெரிக்க ரெயில்வே கோடீசுவரரின் மகள். பெண் வீட்டார் கொடுத்த சீர் ரெயில்வே பங்குகளாக மட்டும் 25 லட்சம் டாலர்!

இந்தச் செய்தியைக் கிளாடிஸ் படித்தாள். தனக்கு இன்னும் கொஞ்சம் வயது கூடுதலாக இருந்திருந்தால் இந்தப் பிரபுவைத் தானே மணந்திருக்கலாமே என்று தாய்க்குக் கடிதம் எழுதினாள். விளையாட்டுப் பேச்சு என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள்.

விளையாட்டு ஒரு நாள் உண்மை ஆயிற்று. அதற்கு 26 ஆண்டுகள் ஆயின. 

பேரழகி

கிளாடிஸ் வளர்ந்து பெண்ணானார். பெரிய நீலக் கண்கள். நல்ல படிப்பு. பல மொழிகளில் சரளமான பேச்சு. அவர் ஒரு விருந்துக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் அவருடைய அழகை வியந்தார். சிற்பி ரோடின் அவருக்கு நண்பர். எழுத்தாளர் அனத்தோல் பிரான்சும் நண்பர். கலை விமர்சகர் பெரன்சன் அவரை மணந்துகொள்ளலாமா என்றுகூட எண்ணினார்.

மார்ல்பரோ பிரபுவையும் அவர் சந்தித்தார். பிரபுவின் மனைவி கான்சுவேலோவும் கிளாடிசும் நெருங்கிய தோழிகள் ஆனார்கள். பிரபுவின் பிளெனிம் அரண்மனைக்குக் கிளாடிஸ் அடிக்கடி விருந்தாளியாகப் போனார்.

1901-ல் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் அந்த அரண்மனைக்கு வந்தார். கிளாடிசைக் கண்டார். மயங்கினார். தம் விரலில் இருந்த மோதிரத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டார். செய்தி தந்தையான கெய்சர் சக்கரவர்த்தியின் காதுக்கு எட்டியது. மோதிரத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. மோதிரம் திரும்பிப் போயிற்று. கிளாடிசின் புகழ் மட்டும் எங்கும் பரவியது.

அப்போது அவருக்கு வயது 20. ஓர் இளம்பெண்ணுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கண்ணாடி காட்டிய குறை

ஆனாலும் கிளாடிசுக்கு மனத்தில் ஒரு குறை இருந்தது.

கிரேக்க நாட்டுப் பழைய சிலைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை கோடு போட்டதுபோல நேராக இருக்கும். நடுவில் பள்ளம் இராது. கிளாடிசுக்கு அந்த இடத்தில், எல்லா மனிதருக்கும் இருப்பதுபோல, சிறு பள்ளம் இருந்தது. அதுதான் குறை!

அவரைப் பார்த்து மயங்கிய கூட்டத்தில் எவர் கண்ணிலும் அந்தக் குறை படவில்லை. அவர் கண்ணில் மட்டும் பட்டது. பக்கவாட்டில் தம் முகம் கிரேக்கச் சிலையைப்போல இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார்.

ஆசை வந்த நேரத்தில் அதற்கு ஒரு வழியும் வந்து சேர்ந்தது. அதுதான் மெழுகு ஊசி.

மெழுகு வந்த கதை

ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரத்தில் ராபர்ட் கெர்சூனி என்ற ரண சிகிச்சை நிபுணர் இருந்தார். நோயினால் ஓர் உறுப்பை இழந்த ஒருவருக்கு 1899-ல் அவர் ஒரு புது வைத்தியம் செய்தார். வாசலினைப் பதமாகத் தயாரித்து, தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்றினார். பள்ளமான இடம் மேடாயிற்று. பார்த்தவர்கள் அதிசயித்தார்கள்.

பிறகு வாசலினுக்குப் பதிலாகப் பாரபின் மெழுகையும் பயன்படுத்தினார்கள். இது பூமிக்கு அடியில் கிடைக்கும் எண்ணெயிலிருந்து எடுப்பது. கரண்டு போனால் நம் வீட்டில் ஏற்றி வைக்கிறோமே, அந்த மெழுகுவத்தியும் பெரும்பாலும் இந்தப் பாரபின்தான்.

மெழுகைச் சூடாக்குவார்கள். இளகியதும் ஊசிக் குழலில் ஏற்றுவார்கள். தோலுக்கு அடியில் செலுத்துவார்கள். இளக்கமாக இருக்கும்போதே வெளியிலிருந்து விரலால் பிடித்து உருவம் கொடுப்பார்கள். ஆறியதும் மெழுகு இறுகிக்கொள்ளும். கத்தி வேண்டாம். தழும்பு இல்லை. அன்றே வீட்டுக்குப் போகலாம்.

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? சப்பை மூக்கு, கன்னக் குழி, சுருக்கம் எல்லாவற்றுக்கும் மெழுகு ஊசி போட ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பரவிவிட்டது.

நம் நாட்டு வித்தை

மூக்கைச் செப்பனிடும் வித்தை உலகத்துக்குப் புதிதா? நம் நாட்டில் அது மிகப் பழையது. சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வைத்திய நூல் மூக்கு ஒட்டும் முறையைச் சொல்லுகிறது.

கவாஸ்ஜி என்ற வண்டிக்காரரின் கதையைக் கேளுங்கள். மராட்டியத்துக் குடியானவரான இவர், மைசூர் யுத்தத்தில் ஆங்கிலேயர் படைக்கு மாட்டுவண்டி ஓட்டினார். 1791-ல் நம் கோவைக் கோட்டையே முற்றுகைக்கு உள்ளான யுத்தம் அது. 1792-ல் கவாஸ்ஜி எதிரிகளிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் இழந்தார்.

பூனா பக்கத்தில் ஒரு நாட்டு வைத்தியர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். நெற்றித் தோலை மூக்கு வடிவத்தில் அறுத்து, முழுவதும் துண்டித்துவிடாமல் கீழே திருப்பி ஒட்டினார். மூக்கு பிடித்துக்கொண்டது. 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்று இதைப் படத்தோடு வெளியிட்டது. மேல்நாட்டு வைத்தியர்கள் இந்த முறையைக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த வித்தையின் ரகசியம் என்ன? அந்நியச் சரக்கு எதையும் உடம்புக்குள் வைக்கவில்லை. அவருடைய சதையையே எடுத்து அவருக்கே வைத்தார்கள். அதனால் உடம்பு அதை ஏற்றுக்கொண்டது. நெற்றியில் தழும்பு மட்டும் மிஞ்சியது.

மெழுகு ஊசிக்காரர்கள் தழும்பே வராது என்றார்கள். உடம்பு மெழுகை ஏற்குமா என்பதை யோசிக்கவில்லை.

பிள்ளையார் பிடிக்கப் போய்...

1903-ம் ஆண்டு. கிளாடிசுக்கு வயது 22. நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் மெழுகை ஏற்றிக்கொண்டார். 

மெழுகு வைத்த இடத்தில் நிற்கவில்லை. இடம்விட்டு நகர்ந்தது. மூக்கை விட்டுக் கீழே இறங்கியது. வருஷங்கள் போகப் போக, தாடைப் பக்கத்தில் கட்டி கட்டியாகத் திரண்டு நின்றது. முகத்தின் கீழ்ப்பாதி மெல்ல மெல்ல உருக்குலைந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்களே, அந்தக் கதைதான்.

அழகு ஒரே நாளில் போய்விடவில்லை. 1916-ல் பொல்டீனி என்ற பெரிய ஓவியர் கிளாடிசை உட்காரவைத்துப் படம் வரைந்தார். கண்களின் ஒளி குறையவில்லை. ஆனால், அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு விஷயம் தெரிந்தது. ஊர் முழுவதும் பேச்சாயிற்று.

ஏன் எடுக்க முடியவில்லை?

உள்ளே ஏற்றிய மெழுகைத் திரும்ப எடுத்துவிட்டால் என்ன? நியாயமான கேள்வி.

உடம்புக்கு ஒரு குணம் உண்டு. முள் குத்தினால் முள்ளைச் சுற்றிச் சதை வீங்குகிறது அல்லவா? வெளிச்சரக்கு எது உள்ளே வந்தாலும் உடம்பு சும்மா இராது. கரைக்கப் பார்க்கும். வெளியே தள்ளப் பார்க்கும். இரண்டும் முடியாவிட்டால் அதைச் சுற்றி நார்போன்ற சதையை வளர்த்துச் சிறை வைத்துவிடும்.

மெழுகு கரையாது. ஆகவே மெழுகைச் சுற்றிச் சதை வளர்ந்தது. துணுக்குத் துணுக்காகப் பிரிந்த மெழுகின் இடுக்குகளில் எல்லாம் சதை புகுந்தது. மெழுகு எது, சதை எது என்று பிரிக்க முடியாமல் இரண்டும் ஒன்றாகிக் கல்லைப்போலக் கெட்டியாயின. இதை வைத்தியர்கள் பாரபின் கட்டி என்றார்கள்.

கொங்கு நாட்டாருக்கு இதைப் பருத்தியை வைத்துச் சொன்னால் விளங்கும். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துவிடலாம். அதற்கு ஜின்னிங் மில் இருக்கிறது. பஞ்சில் ஊறிய எண்ணெயைப் பிரிக்க எந்த மில் இருக்கிறது?

மெழுகை வெட்டி எடுக்கப் போன வைத்தியர்கள் நல்ல சதையையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்தது. வெட்டினால் தழும்பு. வெட்டாவிட்டால் கட்டி.

இதைவிட மோசமான ஆபத்தும் இருந்தது. சிலருக்கு மெழுகு ரத்தக் குழாய்க்குள் புகுந்தது. கண் பார்வை போனவர்கள் உண்டு. நுரையீரல் அடைத்து உயிர் போனவர்களும் உண்டு. இந்தச் செய்திகள் ஒவ்வொன்றாக வெளிவந்த பிறகு மேல்நாட்டு வைத்தியர்கள் மெழுகு ஊசியைக் கைவிட்டார்கள். கிளாடிசுக்கு அந்த எச்சரிக்கை காலம் கடந்து வந்தது.

நினைத்தது நடந்தது

மார்ல்பரோ பிரபுவும் கான்சுவேலோவும் 1906-ல் பிரிந்தார்கள். 1921-ல் விவாகரத்து ஆயிற்று. அதே ஆண்டு ஜூன் 25-ந் தேதி பாரிஸ் நகரத்தில் பிரபு கிளாடிசை மணந்தார். 14 வயதில் கண்ட கனவு 40 வயதில் பலித்தது.

பிளெனிம் சாதாரண அரண்மனை அல்ல. 1704-ல் யுத்தத்தில் வென்ற முதல் மார்ல்பரோ பிரபுவுக்கு நன்றியாகக் கட்டியது. சர்ச்சில் 1874-ல் பிறந்தது இந்த அரண்மனையில்தான். இப்படிப்பட்ட இடத்துக்குக் கிளாடிஸ் எஜமானி ஆனார்.

அங்கே இன்றும் இரண்டு அதிசயங்களைப் பார்க்கலாம். வாசல் மண்டபத்தின் மேல்தளத்தில் பெரிய கண்கள் வரைந்திருக்கின்றன. அவற்றில் நீலக் கண்கள் கிளாடிசின் கண்கள். 1928-ல் வரைந்தவை. தோட்டத்தில், சிங்க உடலும் பெண் முகமும் கொண்ட கற்சிலைகள் இருக்கின்றன. அந்தச் சிலைகளின் முகம் கிளாடிசின் முகம்.

சிலையைப்போல முகம் வேண்டும் என்று ஆசைப்பட்டார் அல்லவா? கடைசியில் அந்த ஆசை கல்லில்தான் நிறைவேறியது!

கலைந்த குடும்பம்

கலியாணம் சுகப்படவில்லை. கணவனுக்கும் மனைவிக்கும் ஓயாத சண்டை. கிளாடிஸ் நாய்களை வளர்த்தார். அரண்மனைக் கூடத்திலேயே அவை திரிந்தன. ஒரு நாள் விருந்தில் கைத்துப்பாக்கியைத் தட்டின் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாராம். சிறு வயதில் நடந்த துப்பாக்கிச் சம்பவம் அவர் மனத்தை விட்டுப் போகவில்லை போலும்.

பிரபு அரண்மனையை விட்டு விலகி இருந்தார். 1933-ல் கிளாடிசை வெளியேற்றினார். அடுத்த ஆண்டே பிரபு இறந்துபோனார்.

இந்தத் துன்பத்துக்கெல்லாம் மெழுகு ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயம் ஆகாது. தந்தையின் கொலைக் குற்றம், தாய் தந்தையின் பிரிவு, பொருந்தாத கலியாணம் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆனாலும் ஒன்றை மறக்கக்கூடாது. அழகுக்காகவே ஊர் கொண்டாடிய ஒரு பெண், அந்த அழகைத் தாமாகவே கெடுத்துக்கொண்டோம் என்ற நினைப்போடு வாழ்நாள் முழுவதும் இருந்தார். கண்ணாடியைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அந்த நினைப்பு வராமல் இருக்குமா?

தனிமை

பிறகு கிளாடிஸ் நார்த்தாம்ப்டன் வட்டாரத்தில் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டார். பண்ணை வீட்டில் தனியாக வாழ்ந்தார். துணைக்குப் பூனைகள். வெளியே வருவது குறைந்தது. ஒரு காலத்தில் இளவரசர் மோதிரம் கொடுத்த பேரழகி இவர்தான் என்று அங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

1962-ல் அவரை நார்த்தாம்ப்டன் நகரத்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் விரும்பிப் போகவில்லை. அப்போது வயது 81. உலகம் அவரை மறந்துவிட்டது.

1975-ல் ஹியூகோ விக்கர்ஸ் என்ற இளம் எழுத்தாளர் தேடிக்கொண்டு வந்தார். பல தடவை சந்தித்தார். கிளாடிஸ் மெல்ல மெல்ல மனம் திறந்தார். அவருடைய கதை நமக்குத் தெரிந்திருப்பதற்கு அந்தச் சந்திப்புகள் முக்கியமான காரணம்.

1977 அக்டோபர் 13-ந் தேதி கிளாடிஸ் காலமானார். வயது 96. மெழுகு ஏறிய முகத்தோடு அவர் வாழ்ந்தது 74 ஆண்டுகள்!

மெழுகுக்குப் பின் வந்தவை

கிளாடிசின் கதையோடு ஊசி மோகம் ஒழிந்ததா? ஒழியவில்லை. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு சிலிகோன் என்ற திரவம் வந்தது. அதை ஊசியில் ஏற்றினார்கள். அதுவும் கரையாது. அதுவும் சிலருக்கு இடம்விட்டு நகர்ந்தது, கட்டி கட்டிற்று. பெயர் மாறியது, கதை மாறவில்லை.

இன்று வரும் ஊசிகள் வேறு. அவற்றில் பல வகை உண்டு. கெட்டுப்போனால் திருத்துவதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வழி. இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் வகை, போடாக்ஸ். இது தசையைச் சிறிது காலம் ஓய வைக்கும். அதனால் சுருக்கம் மறையும். தவறான இடத்தில் பட்டால் கண்ணிமை தொங்கிப்போகும், புருவம் கோணலாகும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. பயப்படவும் வேண்டாம். பெரும்பாலும் மூன்று நான்கு மாதங்களில் வேகம் தானாகவே தணிந்துவிடும். இமை தொங்கினால் அதற்குள் இமையைச் சற்றுத் தூக்க டாக்டர்கள் சொட்டு மருந்து கொடுப்பது உண்டு. மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம் வந்தால் மட்டும் காத்திருக்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இரண்டாவது வகை, பில்லர் என்னும் நிரப்பு ஊசி. இதில் அதிகமாகப் பயன்படுவது ஹயலுரானிக் அமிலம். நம் உடம்பிலேயே இயற்கையாக உள்ள பொருள்தான். இதைக் கரைக்க மருந்து இருக்கிறது. அதன் பெயர் ஹயலுரானிடேஸ். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடுகிறார்கள் அல்லவா? அந்த மருந்து நன்றாகப் பரவுவதற்காக இதையும் சேர்ப்பது உண்டு. கட்டியாகவோ கோணலாகவோ நிற்கும் பில்லரில் இதைச் செலுத்தினால் ஓரிரு நாளில் கரைந்துவிடும். சிலருக்கு ஒவ்வாமை வரலாம். ஆகவே டாக்டர்தான் போடவேண்டும்.

கிளாடிசுக்குக் கிடைக்காத பாக்கியம் இதுதான். 

மூன்றாவது வகை, சிலிகோன்போல நிரந்தரமாகத் தங்கும் சரக்கு. இதைக் கரைக்க மருந்து இல்லை. வீக்கம் தணிய ஊசி போடலாம். கட்டியை வெட்டி எடுக்கலாம். முழுவதும் எடுக்க முடியும் என்று எந்த டாக்டரும் உறுதி சொல்லமாட்டார். எடுத்த பிறகு ஏற்படும் பள்ளத்துக்கு நோயாளியின் சொந்தக் கொழுப்பையோ குருத்தெலும்பையோ எடுத்து வைப்பது உண்டு. அந்நியச் சரக்கு கெடுத்த முகத்தைச் செப்பனிட, கவாஸ்ஜிக்கு உதவிய அதே வழிக்கே கடைசியில் வரவேண்டியிருக்கிறது.

கோவையில் இருப்பவர்கள் இதற்காக வெகுதூரம் அலைய வேண்டியது இல்லை. மில் யந்திரத்தில் சிக்கித் துண்டான கையையே ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள்.

அவசரப்படவேண்டிய நேரம்

ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. பில்லர் போட்டவுடனேயோ, சில மணி நேரத்திலோ, தோல் வெளுத்தால், நீலம் பாரித்து வலைபோலத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால், தாங்கமுடியாத வலி எடுத்தால், கண் மங்கினால், மருந்து ரத்தக் குழாயை அடைத்திருக்கிறது என்று பொருள் கொள்ளவேண்டும். விடியட்டும் என்று இருக்கக்கூடாது. ஊசி போட்ட டாக்டரிடமோ பெரிய ஆஸ்பத்திரிக்கோ அப்போதே ஓடவேண்டும். தாமதித்தால் சதை அழுகிவிடும். பார்வை போனால் திரும்புவது அரிது.

மற்றபடி சாதாரண வீக்கமும் கன்றலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதற்குள் பதறிப்போய் வேறு இடத்தில் இன்னோர் ஊசி போட்டுக்கொள்ளக்கூடாது. ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு செய்தால் உள்ளதும் போய்விடும். வீட்டிலேயே பிசைவது, ஒத்தடம் கொடுப்பது எல்லாம் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாத காரியங்கள்.

கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

ஊசி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். ஆனால், போட்டுக்கொள்ளப் போகிறவர் மூன்று கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும்.

உள்ளே போகும் சரக்கின் பெயர் என்ன? புட்டியின் மேல் உள்ள சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திருத்தவேண்டி வந்தால் அந்தச் சீட்டுதான் வழி காட்டும்.

போடுகிறவர் யார்? தோல் வைத்தியமோ பிளாஸ்டிக் சர்ஜரியோ படித்த டாக்டரா? அழகு நிலையத்தில் முகம் கழுவிவிடுகிறவர் கையில் இந்த ஊசியைக் கொடுக்கக்கூடாது.

கெட்டுப்போனால் இதைக் கரைக்க முடியுமா? கரைக்கும் மருந்து இப்போது இங்கே இருக்கிறதா?

இந்த மூன்றுக்கும் சரியான பதில் கிடைக்காவிட்டால், கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பதில் கிடைத்தாலும், வீட்டுக்கு வந்து ஒரு தடவை கண்ணாடியைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் அம்மாவையோ அம்மாயியையோ கேளுங்கள். நீங்கள் காணும் குறை அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறதா? பெரும்பாலும் தெரியாது. 22 வயதுக் கிளாடிசின் மூக்கில் இருந்த பள்ளமும் அப்படித்தான். அவரைத் தவிர வேறு எவருக்கும் அது தெரியவில்லை.